இரண்டு ‘இல்லை’களுக்குப் பிறகு: கோலாலம்பூரில் செய்துகொண்ட நாசித் தூண்டல் சோதனை

தோலில் செய்த சோதனையும் இரத்தத்தில் செய்த சோதனையும் ஒவ்வாமை இல்லை என்று சொல்லிவிட்டன; ஆனால் விடிந்து எழுந்ததும் இருபது முப்பது முறை தும்மாமல், இரண்டு கைக்குட்டைகளை நனைக்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் அடுத்து எங்கே போவது என்பதற்கு விடை தெரிய எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. கோலாலம்பூரில் காது மூக்கு தொண்டை நிபுணர் ஒருவரின் தனியார் கிளினிக்கில் செய்துகொண்ட நாசித் தூண்டல் சோதனையே, அதாவது சந்தேகப்படும் பொருளை மூக்கிலேயே இட்டுப் பார்க்கும் சோதனையே, அந்த விடையைத் தந்தது. அந்தச் சோதனையையும், அதற்கு முன்னும் பின்னும் அங்கே எனக்குக் கிடைத்த சேவையையும் மதிப்பிட்டு இதை எழுதுகிறேன். கிளினிக்கின் பெயரைக் குறிப்பிடவில்லை. எந்தக் கிளினிக் என்பதைவிட, எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதுதான் என்னைப் போல் அலைபவர்களுக்குத் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

நான் செந்தூலில் குடியிருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முப்பத்தைந்து வயதுவரை எனக்கு மூக்கு என்ற ஒன்று இருப்பதே நினைவில் இருந்ததில்லை. அதற்குப் பிறகு, திங்கட்கிழமைச் சபைகூடலில் தேசியப் பண் பாடும்போது தும்மலை அடக்கிக் கண்ணீர் விடுவது என் வாடிக்கையாகிவிட்டது. எங்கள் பள்ளியில் வெண்பலகை வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், சக ஆசிரியர்கள் சுண்ணக்கட்டித் தூள்தான் காரணம் என்றார்கள். அம்மா இதைப் பீனிசம் என்று முடிவு கட்டி, நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார். நானோ புகைமூட்டத்தின் மேல் பழியைப் போட்டேன். 2015லும் 2019லும் பள்ளிகளையே மூட வைத்த அந்தப் புகையைக் கண்டவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் வானம் நீலமாக இருந்த மாதங்களிலும் என் மூக்கு அதே கதைதான் சொன்னது என்பதை நான் கவனிக்கத் தவறினேன்.

முதலில் போன இடத்தில், ஒவ்வாமைப் பொருள்களைத் துளியாக இட்டு லேசாகக் குத்தி, தடிப்பு எழுகிறதா என்று பார்க்கும் தோல் குத்துச் சோதனையை முன்கையில் செய்தார்கள். முதல்நாள் இரவு வழக்கம்போல் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை ஒன்று போட்டிருந்தேன். அதை எவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு தடிப்பும் எழாததால் அலர்ஜி இல்லை என்று எழுதித் தந்து, மூக்கடைப்பைத் திறக்கும் ஸ்பிரே ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள். ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும் அந்த வகை மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால், மருந்தின் வீரியம் இறங்கும்போதெல்லாம் அடைப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்பதை அறியாமல், ஏழெட்டு மாதங்கள் அதைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். ஒரு நோயோடு போன நான் இரண்டு நோயோடு வாழ்ந்தேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

இப்போது மதிப்பிடும் கிளினிக்கை நான் நம்பத் தொடங்கியது அதன் கருவிகளைப் பார்த்து அல்ல. முதல் வருகையில் அந்த மருத்துவர், ஒரு மலாய்ப் பெண்மணி, ஏறத்தாழ நாற்பது நிமிடம் என்னைப் பேச வைத்துக் கேட்டார். தும்மல் எந்த நேரத்தில் வருகிறது, கண் அரிக்கிறதா, நீர் தண்ணீராக வடிகிறதா அல்லது மஞ்சளாகவா, மணம் தெரிகிறதா, காரமான உணவு உண்ணும்போது மட்டும் ஒழுகுகிறதா, சாம்பிராணிப் புகையும் வாசனைத் திரவியமும் குளிர்சாதனக் காற்றும் என்ன செய்கின்றன, இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டா, தைராய்டு எப்படி, படுக்கை எதனால் ஆனது, வீட்டில் யாருக்கு ஆஸ்துமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை ஒவ்வாமை இல்லாமலேயே மூக்கொழுகும் பலவகை நிலைகளைத் தனித்தனியே பிரிப்பதற்கானவை. புகை, மணம், வெப்பநிலை மாற்றம் ஆகியவற்றுக்கு மட்டும் துள்ளும் மூக்கு ஒரு வகை. உணவின் காரத்திற்கு ஒழுகும் மூக்கு இன்னொரு வகை. கருவுற்ற காலத்திலும் சில மருந்துகளாலும் வரும் அடைப்பு வேறு. அரிப்பும் கண்ணீரும் அடுக்கடுக்கான தும்மலும் சேர்ந்து, அதுவும் படுக்கையை விட்டு எழும் வேளையில் வந்தால், சோதனைத் தாள் என்ன சொன்னாலும் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவர் சொன்னது ஆறு ஆண்டுகளில் நான் கேட்ட முதல் ஆறுதல்.

மெல்லிய உள்நோக்கியை மூக்கினுள் செலுத்திப் பார்த்து, சதை வளர்ச்சியோ சீழோ இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். அன்றே வேறு எந்தச் சோதனையும் செய்யவில்லை. முதலில் கைப்பையிலிருந்த ஸ்பிரேயை விட்டொழிக்க வேண்டும், அந்த வீக்கம் அடங்காமல் எதை அளந்தாலும் பொய்க் கணக்காகும் என்றார். அதற்குப் பிடித்த மூன்று வாரங்கள் கடினமானவை. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயின் துணையோடு, பழைய ஸ்பிரேயை முதலில் ஒரு துளையிலும் பிறகு மறு துளையிலும் நிறுத்தினேன்; வாயால் மூச்சு விட்டபடியே உறங்கினேன். ஆனாலும், கட்டணம் வரும் சோதனையை உடனே செய்துவிடாமல் நோயாளியைத் திருப்பி அனுப்பும் ஒரு தனியார் கிளினிக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டாம் வருகையில் தோல் குத்துச் சோதனையை முறையாகத் திரும்பச் செய்தார்கள். இம்முறை ஏழு நாட்களுக்கு முன்பே ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்தச் சொல்லித் தாளில் எழுதித் தந்திருந்தார்கள். சளிக்கு வாங்கும் கலவை மருந்துகளிலும் அதே மாத்திரை ஒளிந்திருக்கக்கூடும் என்று மருந்துப் பெயர்களோடு எச்சரித்திருந்தார்கள். குத்திய இடங்களில் ஒன்று வெறும் உப்புநீர், இன்னொன்று ஒவ்வாமையின்போது உடலே சுரந்து தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின். ஹிஸ்டமின் இட்ட இடத்தில் தடிப்பு எழாவிட்டால் தோல் மருந்தால் மரத்திருக்கிறது என்று பொருள், அப்போது மற்ற இடங்களின் ‘இல்லை’க்கு மதிப்பே கிடையாது. என் முதல் சோதனையில் இதை யாராவது பார்த்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினைந்து நிமிடத்திற்குப் பிறகு ஹிஸ்டமின் இடம் நன்றாகத் தடித்திருந்தது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுயிரான தூசி உண்ணி, கரப்பான், பூனை, பூஞ்சை எல்லாம் அமைதியாக இருந்தன. உப்புநீர் இட்ட இடத்தைவிட 3 மி.மீ. அளவுக்காவது தடித்திருந்தால்தான் ஒவ்வாமை என்று கணக்கு. இரத்தச் சோதனையும் அப்படியே வந்தது: ஒவ்வொரு பொருளுக்கும் எதிராக உடல் உண்டாக்கும் ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளின் அளவு வழக்கமான எல்லையான 0.35 அலகுக்குக் கீழே. நம் வெப்பநாடுகளின் வீடுகளில் மிகுந்திருக்கும் ‘புளோமியா டிராபிகாலிஸ்’ என்ற தூசி உண்ணியையும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள் என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மேலைநாட்டுப் புல்லையும் மரத்தையும் மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்வது நம் ஊருக்குப் போதாது.

அப்படியானால் தாள் சொல்வது சரிதானே என்று கேட்டேன். இந்த ஐ.ஜி.ஈ.யை 1960களின் இறுதியில் அமெரிக்காவில் இஷிஸாகா தம்பதியரும் சுவீடனில் ஜோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள் என்றும், அதன்பிறகு ஒவ்வாமை என்றாலே இரத்தத்தில் ஓடும் ஐ.ஜி.ஈ.யும் அது சென்று ஒட்டியிருக்கும் தோலும் என்று மருத்துவம் பழகிவிட்டது என்றும் அவர் விளக்கினார். ஆனால் 1975ஆம் ஆண்டிலேயே ஹகின்ஸ், பிராஸ்டாஃப் என்ற இருவர், தோல் சோதனையில் ஒன்றும் காட்டாத நோயாளிகளின் மூக்கு நீரில் தூசி உண்ணிக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இருப்பதை எடுத்துக்காட்டிவிட்டார்கள். பிற்காலத்தில் ஸ்பெயினின் மலாகா நகரத்து ஆய்வாளர்கள், அவர்களுள் கார்மென் ரோந்தோன் முக்கியமானவர், இதை ஒரு தனி நோய்நிலையாகவே வரையறுத்துத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். மூக்கின் உட்சவ்வு தனக்குத் தேவையான எதிர்ப்பொருளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அது இரத்தத்திற்கும் தோலுக்கும் அளக்கக்கூடிய அளவில் வந்து சேர்வதில்லை. வீட்டுக்குள் நடக்கும் சண்டை தெருவுக்குக் கேட்காதது போல என்று நானே எனக்குச் சொல்லிப் புரிந்துகொண்டேன். உள்ளிட ஒவ்வாமை மூக்கழற்சி என்று இதைத் தமிழில் சொல்லலாம். தோலிலும் இரத்தத்திலும் ஒன்றும் காட்டாத மூக்கழற்சி நோயாளிகளுக்கு மூக்கிலேயே சோதித்துப் பார்த்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டினால், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது இருப்பது தெரிகிறது. மீதி மூவருக்கு இல்லை என்பதையும் அதே மூச்சில் அவர் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மூக்கு நீரை எடுத்து அதில் ஐ.ஜி.ஈ.யை அளந்தால் போதாதா என்றும் கேட்டேன். அதில் இருந்தால் நோய் இருக்கிறது என்று நம்பலாம், ஆனால் நோய் உள்ளவர்களிலேயே பாதிப் பேருக்கும் குறைவானவர்களிடம்தான் அது தட்டுப்படுகிறது என்றார். ஆகவே சந்தேகப்படும் பொருளை அளவாக மூக்கிலேயே இட்டுப் பார்ப்பதுதான் வழி.

சோதனை நாள் காலை எட்டரை மணிக்குத் தொடங்கியது. அதற்கு முன்பான நான்கு வாரங்களில் சளிக் காய்ச்சல் வந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. வகுப்பில் முப்பது பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியைக்கு அது எளிதல்ல, ஒருமுறை தேதியைத் தள்ளிவைக்க நேர்ந்தது. ஏழு நாள் மாத்திரை இல்லை, ஸ்டீராய்டு ஸ்பிரேயும் இல்லை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் இச்சோதனை செய்வதில்லை என்பதால், முதலில் நுரையீரலை ஊதிப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு அரைமணி நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். தெருச் சூட்டிலிருந்து குளிர்ந்த அறைக்குள் வந்த மூக்கு நிலைகொள்ளும்வரை அளவெடுக்கக் கூடாதாம்.

அளவெடுப்பது முகமூடி பொருத்திய ஒரு குழாயால். வாயை மூடிக்கொண்டு மூக்கால் வேகமாக உறிஞ்சினால், நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்று உள்ளே போகிறது என்று அதிலுள்ள குறி காட்டும். மூன்று முறை உறிஞ்சி, அதில் கூடுதலான எண்ணை எழுதிக்கொள்வார்கள். என் தொடக்க அளவு 110. தும்மல், ஒழுகல், அடைப்பு, அரிப்பு, கண்ணெரிச்சல் ஆகியவற்றுக்குத் தனியே மதிப்பெண் போடும் தாளும் ஒன்று இருந்தது. தாதி நம் தமிழ்ப் பிள்ளை, சிறிய வயது. “அக்கா, நல்லா மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுக்குங்க, நான் ஸ்பிரே அடிச்சதும் வெளிய விடுங்க, உறிஞ்சிடாதீங்க” என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னாள். தூண்டும் பொருள் நுரையீரலுக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே மூச்சைப் பிடிக்கச் சொல்கிறார்கள்.

முதலில் இட்டது ஒவ்வாமைப் பொருள் இல்லை, வெறும் உப்புநீர். இதுதான் இந்தச் சோதனையின் முதுகெலும்பு என்று நான் கருதுகிறேன். உப்புநீருக்கே தும்மி அடைத்துக்கொள்ளும் மூக்கு எதைத் தெளித்தாலும் அப்படித்தான் செய்யும். அத்தகைய மூக்கில் பிறகு தூசி உண்ணிச் சாற்றைத் தெளித்து, அடைத்துவிட்டது, ஆகவே ஒவ்வாமை என்று சொன்னால் அது பிழை. உப்புநீருக்குப் பிறகு எனக்கு 105. ஏறக்குறைய மாற்றமே இல்லை. அதன்பிறகு இரு துளைகளிலும் தூசி உண்ணிச் சாறு.

இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. மூன்றாவது நிமிடத்தில் அண்ணத்தின் உட்புறம் அரிக்கத் தொடங்கியது. விடியற்காலையில் எனக்கு மட்டும் தெரிந்த அதே அரிப்பு. அதை அந்த வெள்ளை அறையில், பகல் வெளிச்சத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உணர்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் எதனால் என்று தாதிக்குப் புரிந்திருக்காது. பதினோரு தும்மல்களை அவள் எண்ணி எழுதினாள். பத்தாவது நிமிடத்தில் அளவு 60. இருபதாவது நிமிடத்தில் 50. நாற்பது விழுக்காடு குறைந்தாலே ஐயத்திற்கு இடமின்றி ஒவ்வாமை என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் 2018இல் வகுத்த வழிகாட்டி சொல்கிறது. எனக்கோ பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அதன்பிறகு மாத்திரை தந்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தே அனுப்பினார்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து அடைப்பு இரண்டாம் முறையாக வரக்கூடும், மூச்சிரைத்தால் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்று எழுதியும் தந்தார்கள். அன்று மாலை ஏழு மணிக்கு அது சொன்னபடியே வந்தது; இரவுக்குள் தணிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சந்திப்புக்கு ஏழு வாரம் காத்திருந்தேன். எல்லாத் தாள்களும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. மருந்துகளை நிறுத்தும் பட்டியல் போன்ற முக்கியமான ஒன்றையாவது மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் தர வேண்டும், ஏனெனில் அதில் ஒரு வரியைத் தவறவிட்டால் ஒரு நாளும் பணமும் வீண். ஒருநாளில் ஒரே ஒரு பொருளைத்தான் சோதித்தார்கள். கரப்பானையும் சோதிக்க விரும்பினால் வேறொரு நாள் வர வேண்டும், மீண்டும் ஏழு நாள் மாத்திரையின்றி இருக்க வேண்டும். மூன்று வருகைக்குமாகச் செலவு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. படுக்கையில் தங்காத சிகிச்சை என்பதால் என் காப்புறுதி ஒரு காசும் தரவில்லை. எல்லாவற்றையும்விட, முடிவு தெரிந்த பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சுக்குப் பத்து நிமிடமே ஒதுக்கியது, நாற்பது நிமிடம் கேள்வி கேட்ட அதே இடத்திற்குப் பொருந்தவில்லை.

ஆகவே இந்தச் சோதனைக்கு எல்லோரும் ஓட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தோல் சோதனையிலேயே காரணம் தெரிந்துவிட்டவர்களுக்கு இது பெரும்பாலும் வேண்டாத செலவு. ஸ்டீராய்டு ஸ்பிரேயை முறையாக அடித்தாலே நிம்மதி கிடைத்துவிடுகிறது, காரணம் தெரிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று இருப்பவர்களும் காத்திருக்கலாம். அறிகுறிகள் ஒவ்வாமையையே காட்டியும், மருந்தை நிறுத்தி முறையாகச் செய்த இரண்டு சோதனைகளும் ‘இல்லை’ என்று சொன்னவர்களுக்குத்தான் இது. அரசாங்கத்தை நம்பியிருப்பவர்கள் முதலில் தங்கள் வட்டாரத்துச் சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லலாம். குடிமக்களுக்கு நிபுணர் கட்டணம் 5 ரிங்கிட்தான். மூக்கில் தூண்டிப் பார்க்கும் சோதனை அங்கே செய்யப்படுகிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. எங்கே போனாலும், தோல் சோதனையின்போது ஹிஸ்டமின் இடம் எத்தனை மி.மீ. தடித்தது என்று கேட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை எளியதாகவே இருக்கிறது. ஸ்டீராய்டு ஸ்பிரேயை இத்தனை நாளும் தவறாக அடித்து வந்திருக்கிறேன்: தலையைச் சற்று முன்னால் சாய்த்து, வலக்கையால் இடத்துளைக்கும் இடக்கையால் வலத்துளைக்குமாக, நடுச்சுவரில் படாமல் கண்ணின் வெளிமுனையைப் பார்த்து அடிக்க வேண்டும். சிறிது சிறிதாகத் தூசி உண்ணிச் சாற்றையே தந்து உடலைப் பழக்கும் சிகிச்சை இந்த வகை நோயாளிகளுக்கும் பயன் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணம் உறுதியாகத் தெரியாமல் அதைத் தொடங்க முடியாது என்பதே இச்சோதனையின் பெரிய பயன். மூன்று ஆண்டுகள் தொடர வேண்டிய அதைப் பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. காலப்போக்கில் ஆஸ்துமா தலைகாட்டக்கூடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை ஊதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

காற்றின் ஈரம் ஆண்டு முழுதும் எண்பது விழுக்காட்டை ஒட்டியிருக்கும் நம் ஊரில் தூசி உண்ணியை ஒழித்துவிட முடியாது. படுக்கையிலிருந்து விரட்டலாம். மெத்தைக்கு உறை போட்டேன். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். சிக்கல் என் தலையணையில் இருந்தது. அம்மா தம் கையால் தைத்த இலவம்பஞ்சுத் தலையணை அது. பதினான்கு ஆண்டுகளாக அதில்தான் தலை வைத்துப் படுத்தேன். வெந்நீரில் போட முடியாத பஞ்சு. விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தையலைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டிவிட்டு, உறையை மட்டும் வெந்நீரில் அலசி, துவைக்கக்கூடிய செயற்கைப் பஞ்சை அடைத்து மறுநாளே தைத்துத் தந்துவிட்டார்.

அடுத்த சந்திப்பு பள்ளி விடுமுறையில். அதுவரை காலைத் தும்மல்களை எண்ணி நாட்காட்டியில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். இந்த வாரம் திங்கள் 4, செவ்வாய் 2, புதன் 5, வியாழன் 1.